கேஸ் போகவே இல்லையாம்

காலையில் சமையலறைக் கதவைத் திறந்ததும் என் கண் முதலில் போவது ஃப்ரீசரின் டிஸ்ப்ளேக்குத்தான். மைனஸ் 18 காட்ட வேண்டியது அன்றைக்கு மைனஸ் 7 காட்டியது. கம்ப்ரசர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்திலும் வித்தியாசம் இல்லை. எங்களுடையது சின்ன கேட்டரிங் சமையலறை. நாலு கதவு ஃப்ரீசர் ஒன்றை நம்பித்தான் வாரம் முழுக்க வேலை. கல்லாக இறுகியிருந்ததை எல்லாம் தெரிந்தவர் ஒருவரின் ஃப்ரீசருக்கு அனுப்பினோம். விரல் வைத்து அழுத்தினால் உள்ளே போன பாக்கெட்டுகள் குப்பைக்குப் போயின. அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு மனசில்லை.

அவசரத்தில் யார் ஞாபகத்துக்கு வருவார்கள்? வீட்டு ஃப்ரிட்ஜ் பார்க்கிற மெக்கானிக்தான். வந்தார், கேஜை மாட்டினார், "பிரஷர் கம்மியா இருக்கு சார், கேஸ் போயிருச்சு" என்றார். மத்தியானம் முழுக்க ஃப்ரீசரை அணைத்து, கதவுகளைத் திறந்து போட்டுக்கொண்டு வேலை பார்த்து, கேஸ் ஏற்றினார். மறுநாள் காலையில் மைனஸ் 18. ஆளை வாயாரப் புகழ்ந்தேன்.

ஆறாம் நாள் மைனஸ் 9. திரும்ப வந்தார், திரும்பக் கேஸ் ஏற்றினார். இந்தத் தடவை கம்ப்ரசர் அரை மணி நேரம் ஓடி 'டக்' என்று தானாகவே நின்றது. சூடு ஆறியதும் ஓடும், மறுபடி நிற்கும். வண்டிக்குப் போடுகிற பெட்ரோல் மாதிரி கேஸ் தீர்ந்துபோகிற சாமான் இல்லை. அடைத்த குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். இரண்டு தடவை கேஸ் ஏற்றியவர் ஒரு தடவைகூடக் கசிவு தேடவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கம்பெனி சர்வீஸுக்குக் கூப்பிட்டேன். வாரண்டி முடிந்துவிட்டது, வெளி ஆள் கை வைத்திருப்பதால் முதலில் பரிசோதனைக்கு மட்டும் வருவார்கள், அதுவும் நாலு வேலை நாள் கழித்து என்றார்கள். பிறகு நெட்டில் கிடைத்த எண்களை வரிசையாக அடித்தேன். மூன்று வேறு வேறு கடைப் பெயர்களில் ஒரே குரல் எடுத்தது. மூன்றாவது தடவை அவரே சிரித்துவிட்டார். பேசிய எல்லாருமே இடம் எங்கே என்று கேட்டார்கள், விசிட் சார்ஜ் சொன்னார்கள். மெஷினுக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வழி கிடைத்தது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். கதவு ரப்பர்தான் போயிருக்குமோ என்று விலை விசாரிக்கப் போனவன், கவுன்ட்டரில் இருந்தவரிடம் கேட்டேன்: "அண்ணே, பெரிய ஃப்ரீசருக்கு பார்ட்ஸ் வாங்க அடிக்கடி வர்றது யாரு? கேஸ் மட்டும் வாங்கிட்டுப் போறவங்க வேணாம்." ஒரு மாதிரி சிரித்துவிட்டு, பில் புத்தகத்தின் ஓரத்தைக் கிழித்து ஒரே ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார்.

அந்த மெக்கானிக் போனிலேயே முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டார். பெயர்த்தகட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அது கீழ்க் கிரில்லுக்குப் பின்னால் இருந்தது. டார்ச்சோடு தரையில் படுத்துத்தான் எடுத்தேன். மாடல் எண், வோல்ட், எந்த கேஸ், எத்தனை கிராம் எல்லாம் அதில் இருக்கிறது. என்னுடையது ஆர்-404ஏ, 450 கிராம். அடுத்து, "உள்ளே ஃபேன் கவர்ல ஐஸ் பிடிச்சிருக்கா?" பிடித்திருந்தது. கவரின் ஓட்டையில் பிதுங்கி நின்றதை முந்தின நாள்தான் கத்தியால் குத்தி எடுத்திருந்தேன். "கத்தியத் தூரப் போடுங்க சார், காயில்ல பட்டா அவ்வளவுதான்." காயில் என்றால், கேஸ் ஓடி உள்ளே குளிரவைக்கிற குழாய்ச் சுருள். கடைசியாக, "முதல் தடவை கேஸ் போட்டப்போ எவ்வளவு நேரம் ஆஃப்ல இருந்துச்சு?"

அரை நாள் என்றேன். "அப்ப ஐஸ் கரைஞ்சதாலதான் ஓடியிருக்கு" என்றார்.

நேரில் வந்து கவரைக் கழற்றினார். உள்ளே காயிலே தெரியவில்லை, வெள்ளைச் செங்கல் மாதிரி ஒரே ஐஸ். டிஃப்ராஸ்ட் டைமரின் குமிழை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருகினார். 'கிளிக்' என்றது. ஹீட்டர் வயரில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கிற கிளாம்ப் மீட்டரை மாட்டி என்னிடம் காட்டினார். பூஜ்யம். அதாவது, படிகிற பனியை அவ்வப்போது கரைக்க வேண்டிய ஹீட்டர் உள்ளுக்குள் அறுந்துவிட்டது. பனி ஏறி ஏறிக் காற்று போக வழி அடைபட்டுவிட்டது. காயிலுக்குக் காற்று வராவிட்டாலும் பிரஷர் இறங்கத்தான் செய்யும். முதல் ஆள் பார்த்தது அதைத்தான். தேவையில்லாமல் ஏற்றிய கேஸ்தான் கம்ப்ரசரைத் திணறடித்து நிறுத்தியிருக்கிறது.

வெந்நீர் ஊற்றிப் பொறுமையாக ஐஸைக் கரைத்தார். இருந்த கேஸை ஒரு சிலிண்டருக்கு இழுத்துத் தராசில் வைத்தார்: தகட்டில் போட்டிருப்பதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்தார், இல்லை. பிறகு வாக்குவம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருந்த காற்றை எல்லாம் பம்ப்பால் இழுத்துவிட்டு, எடை பார்த்து 450 கிராம் ஏற்றினார். ஆர்-404ஏ மூன்று வாயுக்களின் கலவை, அதனால் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்தார். அதே வாட், அதே நீளத்தில் ஹீட்டர் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அதுவரை புதுச் சரக்கு எதையும் உள்ளே வைக்கவில்லை.

பில்லில் பொருள் தனி, கூலி தனியாக எழுதியிருந்தார். பழைய ஹீட்டரை நான் கேட்காமலே கையில் கொடுத்தார். வருஷ கான்ட்ராக்ட் போட்டுக்கலாமா என்று நானே கேட்டேன். கீழே குனிந்து, சூட்டை வெளியே விடுகிற கண்டன்சரில் அடைந்திருந்த தூசியை விரலால் வழித்துக் காட்டினார். "மாசம் ஒருதரம் மெயினை ஆஃப் பண்ணிட்டு இதை பிரஷ் போட்டுத் தள்ளுங்க. ஐஸ் மறுபடி கட்டுனா கூப்பிடுங்க, வர்றேன். கான்ட்ராக்ட்டெல்லாம் எதுக்கு சார்?"