நிழலில்லாத முகம்: எலிசபெத் கால அழகை இன்றைய மேக்கப்பாக மாற்றும் தேர்வுக்கு ஒரு வழிகாட்டல்

இங்கிலாந்தில் மேக்கப் டிப்ளமோ படிக்கிறவர்களில் சிலருக்கு இந்தப் பிராஜெக்ட் ஏதாவது ஒரு பருவத்தில் வந்து சேரும். பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் எலிசபெத் அரசி காலத்து அழகு இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, இன்றைக்குப் பத்திரிகை அட்டையில் போடக்கூடிய ஒரு லுக்கை வடிவமைத்து, மாடலின் முகத்தில் நேரக் கட்டுப்பாட்டுக்குள் செய்துகாட்ட வேண்டும். ஆய்வுக் கோப்பு, ஃபேஸ் சார்ட் (மேக்கப்பைத் தாளில் வரைந்து காட்டும் முகப் படம்), செய்முறை, புகைப்படம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. எனக்கு இது நன்றாக அமைந்தது. அடுத்த பேட்ச் பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்விகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் தலைப்பை மறுபடி படியுங்கள். அந்தக் காலத்து முகத்தை அப்படியே திரும்பச் செய்வது நாடக மேக்கப். இங்கே கேட்பது அது இல்லை. வெள்ளைப் பெயின்ட், சிவப்பு விக், கழுத்தில் மடிப்புப் பட்டை எல்லாம் போட்டு உட்கார வைத்தால் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நவீன வடிவமைப்பு என்ற பகுதியில் மதிப்பெண் போய்விடும். அந்த முகத்துக்கு அடியில் இருக்கும் எண்ணத்தைப் பிடித்து, இன்றைய பொருட்களில் சொல்ல வேண்டும்.

நான் பிடித்த எண்ணம் இதுதான்: அந்த முகத்தில் நிழல் கிடையாது.

அரசியை நேரில் உட்கார வைத்து வரைந்த ஓவியர் நிக்கோலஸ் ஹில்லியார்ட் 1600-ஐ ஒட்டி எழுதிய ஓவியக் குறிப்புகளில் ஒரு செய்தி வருகிறது. வரைவதற்கு உட்கார எலிசபெத் தானே இடம் தேர்ந்தெடுத்தாராம். அருகில் மரமோ எந்த நிழலோ இல்லாத திறந்த தோட்டப் பாதை அது. இதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. நமக்கு வகுப்பில் முதல் நாளிலிருந்தே கான்டூர் சொல்லித் தருகிறார்கள். கன்னத்தின் கீழ் ஒரு பழுப்பு, மூக்கின் இரு பக்கமும் ஒரு கோடு, தாடைக்கு ஒன்று என்று நிழலை வைத்தே முகத்தைச் செதுக்கிப் பழகிவிட்டோம். எலிசபெத் காலத்து முகம் அதற்கு நேர் எதிர். ஒளி முகம் முழுக்கச் சமமாக விழும். வடிவத்தைக் கொண்டுவருவது நிறமும் கோடும் பளபளப்பும்தான். அதனால் என் பெட்டியிலிருந்து கான்டூர் பவுடரை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் ஃபேஸ் சார்ட்டைத் தொடங்கினேன். இந்த ஒரு முடிவு மற்ற முடிவுகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தது.

ஆய்வுக்கு இணையப் படங்களை மட்டும் நம்பாதீர்கள். லண்டன் பக்கம் இருப்பவர்கள் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்குப் போங்கள், பொதுக் காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1575 வாக்கில் வரைந்த டார்ன்லி ஓவியத்தைத்தான் உங்கள் கோப்பின் முதுகெலும்பாக வைக்கச் சொல்வேன். அதில் அரசியின் முகம் பால் போல வெளுத்திருக்கும். ஆனால் ஓவியத்தைப் பராமரிக்கும் நிபுணர்கள் ஆராய்ந்தபோது, காலப்போக்கில் சிவப்புச் சாயம் மங்கிப் போனதுதான் அந்த வெளுப்புக்கு ஒரு காரணம் என்று தெரிந்தது. வரைந்த புதிதில் கன்னத்தில் ரோஜா நிறம் இருந்திருக்கிறது. இன்றைக்குப் பழுப்பாகத் தெரியும் உடையும் அப்போது கருஞ்சிவப்பு. ஹில்லியார்டின் சிற்றோவியங்களிலும் முகத்துச் சிவப்பு இதே மாதிரி மங்கியிருக்கிறது. நாம் மனதில் வைத்திருக்கும் அந்த வெள்ளை முகத்தில் ஒரு பங்கு, சாயம் போன ஓவியத்தின் நிறம். இதை கோப்பில் எழுதினால் கன்னத்தில் தாராளமாக ப்ளஷ் வைப்பதற்கு உங்களிடம் கையில் ஆதாரம் இருக்கும்.

டார்ன்லி முகம் இன்னொரு விதத்திலும் முக்கியம். அதை ஒரு அச்சு மாதிரி வைத்துக்கொண்டு மற்ற ஓவியர்கள் பல ஆண்டுகள் அரசியை வரைந்தார்கள். ஹாட்ஃபீல்ட் மாளிகையில் உள்ள ரெயின்போ ஓவியம் 1600-ஐ ஒட்டியது. அப்போது அவருக்கு எழுபது நெருங்கிவிட்டது, படத்திலோ இளம்பெண். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1590-ஐ ஒட்டி, ஓவியர் ஐசக் ஆலிவர் வரைந்து முடிக்காமல் விட்ட சிற்றோவியம் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அதில் வயது தெரிகிறது. 1598-இல் கிரீனிச் அரண்மனையில் அரசியைப் பார்த்த ஜெர்மானியப் பயணி பவுல் ஹென்ட்ஸ்னர், சுருக்கம் விழுந்த வெளுத்த முகம், மெல்லிய உதடு, கறுத்த பற்கள், சிவப்பு நிறப் பொய்முடி என்று எழுதி வைத்திருக்கிறார். பல் கறுத்ததற்குச் சர்க்கரையை அதிகம் தின்பதே காரணம் என்றும் சொல்கிறார். ரெயின்போ, ஆலிவர், ஹென்ட்ஸ்னர் மூன்றையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். வடிவமைத்த முகத்தையும் நிஜ முகத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது என்பதை அந்தப் பக்கமே தேர்வாளருக்குச் சொல்லிவிடும்.

பொருட்களைப் பற்றிய பகுதியை எல்லோரும் நீட்டி எழுதுகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. ஈயத்தை வினிகரின் ஆவியில் வைத்து எடுத்த வெள்ளைப் பொடிதான் முகப்பூச்சு. வெனிஸில் இருந்து வந்தது உயர்ந்த ரகம் என்று பெயர். கன்னத்துக்கும் உதட்டுக்கும் பாதரசம் கலந்த வெர்மிலியன், மஞ்சிட்டி, கொச்சினீல் பூச்சியின் சிவப்பு. பூசியதன் மேல் முட்டை வெள்ளைக்கருவைத் தடவி மெருகேற்றுவார்கள். நெற்றி பெரிதாகத் தெரிய முன்முடியைப் பிடுங்குவார்கள், புருவத்தை நூல் மாதிரி ஆக்குவார்கள். தோல் அவ்வளவு மெல்லியது என்று காட்ட நீல நரம்பு வரைவதும் உண்டு. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 1562-இல் எலிசபெத்துக்குப் பெரியம்மை வந்தது உண்மை. ஆனால் தழும்பை மறைக்க அவர் ஈய வெள்ளையை அப்பிக்கொண்டார், அதனாலேயே இறந்தார் என்று இணையத்தில் அடித்துச் சொல்வதற்கு நேரடி ஆதாரம் மிகவும் பலவீனம். வாய்மொழிக் கேள்வியில் இதைக் கேட்பார்கள். “அரசவைப் பெண்கள் பயன்படுத்தினார்கள், அரசி எவ்வளவு பயன்படுத்தினார் என்பது விவாதத்தில் இருக்கிறது” என்று சொல்லுங்கள், போதும்.

நிறத்தைப் பற்றி மனம்விட்டுச் சொல்ல வேண்டும். என் மாடல் நம் ஊர் மாநிறம், அடர்ந்த கறுப்புப் புருவம். வேறு மாடலைப் பார் என்று சில தோழிகள் சொன்னார்கள். நான் மாற்றவில்லை, மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் காலத்து வெள்ளை, வெயிலில் வேலை செய்யத் தேவையில்லாத பணக்காரி என்பதைக் காட்டிய அடையாளம். அதை மாநிற முகத்தில் அப்பினால் சாம்பல் பூத்துவிடும், பார்க்கிறவர் மனதிலும் தவறான செய்தி போய்ச் சேரும். முகத்தைச் சிவப்பாக்குகிறேன் என்று பாதரசம் கலந்த க்ரீம்கள் இன்றும் விற்பனையாகிக்கொண்டுதான் இருக்கின்றன. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா பன்னாட்டு ஒப்பந்தம் பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களுக்குத் தடை போட்டும் அவை ஓயவில்லை. ஈயம் பூசியவர்களைப் பார்த்து நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கோப்பின் பாதுகாப்புப் பகுதியில் இதை ஒரு பத்தி எழுதுங்கள், படிக்கிறவர் கவனிப்பார்.

ஆகவே என் வடிவமைப்பில் ஃபவுண்டேஷன் மாடலின் சொந்த நிறம்தான். நெற்றி நடு, கண்ணுக்குக் கீழ், தாடை நுனி ஆகிய இடங்களில் மட்டும் அரை ஷேடு கூடுதல் வெளிச்சம், விளிம்பு தெரியாமல் கரைத்தது. வெள்ளை தந்த ஒளியைப் பளபளப்பு தரட்டும் என்று முடிவு செய்தேன். அந்தப் பளபளப்புக்கு வேர் முட்டை வெள்ளைக்கரு மெருகு. உலர்ந்ததும் முகம் கஞ்சி போட்ட காட்டன் புடவை மாதிரி விறைத்து நிற்குமாம், சிரித்தால் விரிசல் விழும். பச்சை முட்டையைத் தேர்வில் தொடவே கூடாது, சுகாதாரத்தில் மதிப்பெண் போய்விடும். அதற்கு ஈடு இன்றைக்கு இருக்கிறது. 2024 ஜனவரியில் மேசான் மார்ஜெலா ஃபேஷன் ஷோவில் மேக்கப் கலைஞர் பாட் மெக்ராத் பீங்கான் பொம்மை போன்ற முகங்களைச் செய்தார். உரித்தெடுக்கும் வகை ஃபேஸ் மாஸ்க்கைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஏர்பிரஷ்ஷால் அடுக்கடுக்காகத் தெளித்ததாக அவரே விளக்கினார். அந்த ஷோவுக்கும் எலிசபெத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பூசிய முகத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் என்ற எண்ணம் ஒன்றேதான். நவீன வடிவமைப்பு என்ற பகுதிக்கு இந்த இணைப்பைத்தான் காட்டினேன்.

எல்லா அம்சத்தையும் ஒரே முகத்தில் திணிக்காதீர்கள். புருவம், மெருகு, சிறிய சிவந்த வாய் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். நரம்பு கோட்டை ஃபேஸ் சார்ட்டில் போட்டுப் பார்த்து எடுத்துவிட்டேன். ஒளி சமமாக விழும் முகத்தில் அது அழுக்கு மாதிரி தெரிந்தது.

செய்முறையில் நேரத்தை விழுங்குவது புருவம்தான், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன். மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைத் தொடங்க வேண்டும். புருவத்தில் எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இருக்கக் கூடாது. நீரில் கரையும் க்ளூ ஸ்டிக்கிலிருந்து பசையை ஸ்பாட்டுலாவில் சுரண்டி எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டிக்கை நேரே முகத்தில் தேய்த்தால் சுகாதாரக் குறை. முதலில் முடி வளரும் திசைக்கு எதிராகத் தேய்த்து வேர்வரை பசை போக விடுங்கள். பிறகு சின்னச் சீப்பால் மேல்நோக்கி, விசிறி மாதிரி விரித்துத் தோலோடு படிய வையுங்கள். மெல்லிய அடுக்கு, முழுக்க உலர்ந்ததும் அடுத்த அடுக்கு. ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்தால் வேகமாக உலரும். ஸ்பாட்டுலாவின் தட்டைப் பக்கத்தால் அழுத்தி வழவழப்பாக்கி, பவுடரைப் பஃப்பால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். கறுப்பு முடி இப்போதும் நீலச் சாம்பலாகத் தெரியும். நேரே ஃபவுண்டேஷனை வைத்தால் அந்தச் சாம்பல் மேலே வந்துவிடும். மாநிறத்துக்கு ஆரஞ்சு கரெக்டரை மெல்லியதாக ஒற்றி, பவுடர், அதன் மேல் க்ரீம் ஃபவுண்டேஷன், மறுபடி பவுடர். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள், முடியின் மேடு அப்போதுதான் தெரியும். மறைத்த இடத்துக்குச் சற்று மேலே, மெல்லிய பழுப்பில் முடி முடியாக ஒரு நூல் வில்லை வரைந்தேன். அது இல்லாவிட்டால் முகம் வேற்றுக்கிரகவாசி பக்கம் போய்விடுகிறது.

நெற்றியை உயர்த்திக்காட்ட மொட்டைத் தொப்பி போடலாம், தேர்வு நேரத்துக்குள் அதன் விளிம்பைக் கரைப்பது பெரும்பாடு. முடியை ஜெல் போட்டு இறுக்கிப் பின்னுக்கு வாரி, முன்முடியில் இருக்கும் பூனைமயிர் மீது ஃபவுண்டேஷனை லேசாக ஏற்றினாலே விரலகலம் நெற்றி கூடிவிடும். பக்கங்களில் முடிக்குள் சிறு பஞ்சணை வைத்து மேலே தூக்கினால் அந்தக் காலத்து இதய வடிவமும் வந்துவிடும். நான் அதில் முத்து எதுவும் வைக்கவில்லை. முத்து வைத்த உடனே பார்க்கிறவர் கண் அங்கேயே போய், நாடக வாசனை வந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

கன்னத்துக்கு க்ரீம் ப்ளஷ், செங்கல் சிவப்பில் கொஞ்சம் பெர்ரி கலந்தது. கன்ன எலும்பின் கீழே போட்டால் அதுவே நிழலாகிவிடும். சிரித்தால் உருண்டு நிற்கும் ஆப்பிள் பகுதியில் வட்டமாக, மூக்கை நோக்கிக் கரைத்தேன். கண்ணில் நிறமே வைக்கவில்லை, இமையில் தெளிவான க்ளாஸ் மட்டும். உதட்டின் ஓரங்களை ஃபவுண்டேஷனால் மூடி, நடுவில் கருஞ்சிவப்பு ஸ்டெயினை விரலால் ஒற்றி, ஓரம் கூர்மையாக இல்லாமல் விட்டேன். கூர்மையாக வரைந்தால் பொம்மை வாய், கரைத்துவிட்டால் இன்றைய வாய்.

மெருகு கடைசியில். மெக்ராத் முறையில் நீர்த்த மாஸ்க் கரைசலைத் தேய்த்தால் கீழே இருக்கும் க்ரீம் கலைந்துவிடும், தெளிக்கத்தான் வேண்டும். கண், புருவம், முன்முடி மூன்றையும் விட்டுவிட்டு நெற்றி, கன்னம், மூக்குத் தண்டு, தாடையில் மட்டும் போட்டேன். அடுக்கு உலரும்வரை மாடல் பேசக் கூடாது. தேர்வாளர் மாடலிடம் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் இதற்கு முன்பே கேட்கும்படி சொல்லிவையுங்கள். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் தெளிவான பளபளப்பு பாமை அதே இடங்களில் விரலால் ஒற்றலாம். படலம் வராது, ஒளி வரும். பசை, மாஸ்க் இரண்டுக்கும் பேட்ச் டெஸ்ட்டை (தோலில் சிறிது பூசி ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பது) குறைந்தது ஒரு நாள் முன்பே செய்து, தேதி போட்டு மாடலின் கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள்.

புகைப்படத்துக்கு வெளிச்சம் நேர் எதிரே, கண் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். தாடைக்குக் கீழே வெள்ளை ரிஃப்ளெக்டர் ஒன்று. ஹில்லியார்டின் தோட்டப் பாதையை ஸ்டுடியோவில் கட்டுவது இப்படித்தான், இந்த ஏற்பாட்டுக்கும் கோப்பில் ஒரு வரைபடம் போட்டுக் காரணம் எழுதுங்கள். சிலிக்கா மிகுந்த பவுடர் ஃப்ளாஷில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மாநிற முகத்தில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், முன்கூட்டியே ஒரு ஃப்ளாஷ் படம் எடுத்துச் சரிபாருங்கள்.

அப்புறம், கலைப்பதையும் தேர்வு நேரத்திலேயே சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் மாறும். மெருகுப் படலத்தை உலர்ந்தபடி இழுக்க வேண்டாம், வெதுவெதுப்பான ஈரத் துணியை ஓரத்தில் வைத்து இளக்கி எடுங்கள். புருவத்தில் வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்துப் பசை கரையும்வரை காத்திருந்து, முடி வளரும் திசையிலேயே துடையுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் மாடலின் நிஜப் புருவ முடி உதிரும்.