சூட்லாண்ட் பள்ளியில் ஒரு மாலை
நேற்று வேலை முடிந்ததும் நேராக மேரிலாந்து சூட்லாண்ட் உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். கூட வேலை பார்ப்பவரின் மகள் அங்கே நடனம் படிக்கிறாள். வாஷிங்டனை ஒட்டிய புறநகர், அரசுப் பள்ளி. ஆனால் கலைப் பிரிவில் சேர வேண்டுமென்றால் ஆடியோ பாடியோ காட்டித் தேர்வாக வேண்டும். 1980களில், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் விரும்பி ஒரே பள்ளிக்கு வரட்டும் என்று தொடங்கிய ‘மேக்னட்’ திட்டத்தில் வந்தது இது. 1988இல் அதிபர் ரீகனே வந்து பார்த்திருக்கிறார்.

அப்புறம், மேடைத் திரை ஓரம் அந்தத் தோழரின் மகளைப் பார்த்தேன். கால் கட்டைவிரலில் பிளாஸ்திரி, கண்ணை மூடி உதட்டுக்குள்ளேயே தாளம் எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பையன் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இப்படி ஒரு மேடை, பணம் கட்டாமலே ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிறதே!