கோப்பி கேட்கிற நாள்

நாளைக்கு உலகம் அழியப்போகிறது என்றால் இன்றைக்கு என்ன செய்வாய்? பள்ளிக்கூடக் கட்டுரைத் தலைப்பு மாதிரியான இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கும். கடலோரம் போய் உட்காருவேன், பேசாமல் போன அண்ணனைப் போய்ப் பார்ப்பேன், வயிறு முட்ட நாசி கண்டார் சாப்பிடுவேன். அன்றைக்கு எழுந்து நடக்கத் தெம்பிருக்கும் என்று எல்லாருமே எடுத்துக்கொள்கிறார்கள். பினாங்கில் வீடு வீடாகப் போய், குணமாகாத நோயில் வேதனையைத் தணிக்கும் நோய்தணிப்புப் பராமரிப்பு செய்யும் தாதிகளான எங்கள் கணக்கு வேறு. உலகம் மொத்தமாக முடிவதை யாரும் பார்த்ததில்லை. ஒருவருக்கு மட்டும் முடிவதை ஜெலுத்தோங் ஃபிளாட்டிலும் பாகான் டாலாம் பலகை வீட்டிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடைசி ஒரு நாளில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: தூங்குகிறார்கள்.

அதனால்தான் முதல் சந்திப்பிலேயே வீட்டாரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நோயாளியின் கடைசி நேரம் வேறு, வீட்டாரின் கடைசி நேரம் வேறு. நோயாளியுடையது ஒன்றிரண்டு வாரம் முன்னாலேயே நடந்து முடிந்துவிடும். கோப்பியில் சீனி பத்தலை என்று முகம் சுளித்தாரே, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாரே, அந்த நாள்தான் அது. சிங்கப்பூரில் இருக்கும் மகனை "கடைசியில கூப்பிட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுகிற வீடுகளில், மகன் வந்து சேரும்போது அப்பா கண் திறக்கமாட்டார். லீவு எடுப்பதென்றால் கோப்பி கேட்கிற நாளில் எடுங்கள் என்று சொல்வோம். பாதிப் பேர் கேட்பதில்லை. கேட்காதவர்களைக் குறை சொல்லவும் முடியாது. "இன்னும் நல்லாத்தானே பேசுறாரு" என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி.

நேரம் நெருங்கிவிட்டதா என்பதைக் காட்டும் அடையாளம் நான்கு. படுக்கையை விட்டு எழவே முடியாது. பாதி நினைவுதான் இருக்கும். ஒரு மடக்குக்கு மேல் இறங்காது. மாத்திரை விழுங்க முடியாது. புற்றுநோய் முற்றியவரிடம் இவை சேர்ந்து வந்து, அதற்குத் திருத்தக்கூடிய காரணம் எதுவும் இல்லையென்றால், நாள்கணக்குதான். 'இல்லையென்றால்' என்பதைக் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் கால்சியம் ஏறினாலும், கிருமி பிடித்தாலும், மருந்து அளவு கூடிப்போனாலும் இதே மாதிரிதான் சுருண்டு படுப்பார்கள். அதைப் பார்க்காமல் "முடிஞ்சிருச்சு" என்று சொல்வது தொழிலுக்கு அழகல்ல.

அதற்குப் பிறகு உடம்பே மணி சொல்லும். முழங்காலில் ஊதா நிறத்தில் வலைப்பின்னல் மாதிரி படரும். மூக்கு நுனி சில்லிடும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, இருபது முப்பது வினாடி நின்று, மறுபடி தொடங்கும். கடைசியில் நெஞ்சு அசையாது, தாடை மட்டும் மீன் வாய் மாதிரி திறந்து மூடும். ஜப்பானில் டாட்சுயா மொரிட்டாவும் உடன் பணிசெய்தவர்களும் 100 புற்றுநோயாளிகளைக் கவனித்து 1998இல் எழுதிய கட்டுரையில், சளி இழுப்புச் சத்தம் தொடங்கிச் சுமார் 23 மணி நேரத்துக்குள்ளும், தாடை மூச்சு தொடங்கிச் சுமார் 2.5 மணி நேரத்துக்குள்ளும் பாதிப் பேர் போய்விட்டதாகக் கணக்கு இருக்கிறது. பாதிப் பேர்தான். மற்றப் பாதி இதற்கு மேலும் இழுக்கும். ஆகவே "எத்தனை மணிக்கு மிஸ்ஸி?" என்று கேட்டால் மணி சொல்வதில்லை. "மணிக்கணக்கு", "நாள்கணக்கு", "வாரக்கணக்கு" என்ற மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். மணி சொன்னால் அந்த மணி தாண்டியதும் வீடே தாதியைத்தான் பார்க்கும்.

பெரிய சண்டை சாப்பாட்டில்தான் வரும். தமிழ் வீட்டில் பாசத்தை வாயால் சொல்வது கிடையாது, சோறாகப் போடுவதுதான். "பசியோட அனுப்பிட்டோம்னு ஆயிடக் கூடாது மிஸ்ஸி, டிரிப்பாவது போடுங்க" என்று மகள்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். உடம்பு மூடும்போது பசி முதலில் போகும், தாகம் அடுத்து. சாப்பிடாததால் சாவு வருவதில்லை, சாவு வருவதால் சாப்பாடு இறங்குவதில்லை. இதை இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஏற்றுவதைப் பற்றி 2013இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில் ஹாஸ்பிஸ் என்ற கடைசிக்காலப் பராமரிப்பில் இருந்த 129 புற்றுநோயாளிகளில் ஒரு பிரிவுக்கு நாளுக்கு 1 லிட்டர், மறு பிரிவுக்கு வெறும் 100 மி.லி. கொடுத்துப் பார்த்தார்கள். களைப்பிலோ குழப்பத்திலோ ஆயுளிலோ வித்தியாசம் இல்லை. ஆனால் சிறுநீரகம் ஓய்ந்த உடம்பில் அந்த லிட்டர் போகுமிடம் தெரியும்: காலில் வீக்கம், நெஞ்சில் சளி. வாய் உலர்ந்து போவதுதான் நோயாளி உண்மையிலேயே படும் கஷ்டம், அதற்கு மருந்து டிரிப் இல்லை. பஞ்சுக் குச்சியையோ விரலில் சுற்றிய ஈரத்துணியையோ தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு மணி இரண்டு மணிக்கு ஒரு தடவை உதடு, ஈறு, நாக்கு என்று துடைக்க வேண்டும். எலுமிச்சை கலந்த குச்சி வேண்டாம், இன்னும் உலர்த்தும். கோப்பி பிடித்தவருக்குக் கோப்பியில் நனைத்துத் துடைக்கலாம். இந்த வேலையை மகள் கையில் கொடுத்துவிட்டால் டிரிப் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். ஊட்ட வந்த கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

பால் ஊற்றுவதும் இப்படித்தான். இழுத்துக்கொண்டே இருந்தால் "ஏதோ ஆசை இருக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மண்ணாசைக்கு வீட்டு வாசல் மண்ணைக் கரைத்து, பொன்னாசைக்குத் தங்கத்தை உரசிக் கொடுக்கிற வழக்கம் இங்கும் இன்னும் இருக்கிறது. சொந்தக்காரர் பதினைந்து பேர் வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால், விழுங்கத் தெரியாத தொண்டையில் அது நேரே நுரையீரலுக்குப் போகும். மூச்சுத் திணறியே முடியும். தடுக்கப் போனால் பொல்லாப்புதான், ஆகவே தடுப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கரண்டியை எடுத்துவிட்டுத் துளசி இலையைக் கொடுக்கிறோம். இலையைப் பாலில் தொட்டு உதட்டில் ஒற்றலாம், பதினைந்து பேரும் ஒற்றலாம். கரைத்த மண் தண்ணீரைக் கையிலோ நெற்றியிலோ தடவச் சொன்னால் பாட்டிமார் ஒத்துக்கொள்வார்கள். வாய்க்குள்தான் போக வேண்டும் என்று எந்தப் பெரியவரும் இதுவரை அடம்பிடித்ததில்லை.

தொண்டையில் களகளவென்று கேட்கும் அந்தச் சத்தம் கேட்பவரைத்தான் கொல்லும், படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. முகத்தைப் பாருங்கள், நெற்றி சுருங்கவில்லை என்றால் அவருக்கு உறுத்தவில்லை. குழாய் விட்டு உறிஞ்சினால் ஆழத்தில் இருக்கும் சளி வராது, புண்ணும் குமட்டலும்தான் வரும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்து ஒருக்களித்து விட்டாலே பாதிச் சத்தம் குறையும். டாக்டர் எழுதியிருந்தால் ஹையோசின் பியூட்டைல்புரோமைடு 20 மி.கி. தோலடி ஊசியாகப் போடுவோம். அது புதிதாகச் சளி ஊறுவதைக் குறைக்கும், ஏற்கெனவே தேங்கியதை எடுக்காது. ஆகவே சத்தம் உச்சத்துக்குப் போனபின் போட்டுவிட்டு "ஊசி வேலை செய்யலை" என்று சொல்வதில் நியாயம் இல்லை.

வலிமருந்தான மார்ஃபின் பற்றிய பயம் தனி. "மார்ஃபின் எழுதிட்டாங்க, அப்ப முடிஞ்சது" என்று ஆம்பளைங்க கூட்டம் வீட்டு முன் ஐந்தடி நடையில் வைத்துப் பேசும். 5 மி.லி.யில் 10 மி.கி. உள்ள தண்ணி மார்ஃபினை நாலு மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. டாக்டர் சொல்லியிருந்தால் பத்து மணி அளவை இரட்டிப்பாக்கி, ராத்திரி இரண்டு மணி எழுப்பலைத் தவிர்க்கலாம். வலி வந்தபின் ஓடாமல், வருமுன் நேரத்துக்குக் கொடுப்பது என்ற இந்தப் பழக்கத்தை நிலைநிறுத்தியவர் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ். விழுங்க முடியாதபோது தோலடிக்கு மாற்றும்போது அளவு பாதியாகும். நாளுக்கு வாயில் 60 மி.கி. என்றால், தோலடியில் மருந்தை மெதுவாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்பில் 30 மி.கி. இடையில் திடீர் வலிக்கு நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு. வழக்கமாகத் தவறுவது எங்கே தெரியுமா? "தூங்குறாரே, எதுக்கு எழுப்பி மருந்து" என்று இரண்டு வேளை விட்டுவிடுவார்கள். மூன்றாம் வேளைக்கு வலி மலையாக நிற்கும். அப்புறம் மொத்தமாகக் கொடுப்பார்கள், மயக்கமாகும், பழி மார்ஃபின் மேல்.

புரண்டு புரண்டு படுத்து, துணியைப் பிய்த்துக்கொண்டு, கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தால் "உயிர் போராடுது" என்பார்கள். மிடாஸோலம் என்ற மயக்க மருந்தை எடுப்பதற்கு முன் கையை அடிவயிற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். கல் மாதிரி உருண்டு இருந்தால் மூத்திரம் அடைத்திருக்கிறது. ஒரு குழாய் போட்டு அரை லிட்டர் வடிந்ததும் போராட்டம் நின்றுபோகும். அதுவும் இல்லையென்றால் மலம் இறுகியிருக்கிறதா, பெம்பர்ஸ் நனைந்திருக்கிறதா, காதோரம் மடிந்து படுத்திருக்கிறாரா என்று பார்ப்போம். மருந்து அதற்கப்புறம்தான்.

இதற்கு நேர்மாறாக, இரண்டு நாள் பேசாமல் கிடந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து தோசை கேட்பதும் உண்டு. அணையப்போகிற விளக்கு சுடர்விடும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும், ஆனாலும் தன் வீட்டில் நடக்கும்போது நம்பமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிப்பார்கள். கேட்டதைக் கொடுங்கள், ஒரு விள்ளல் போதும், போனை எடுத்து எல்லாரையும் பேச வையுங்கள். சில மணி நேரம் இருக்கும், ஒரு நாள் நீடித்தால் அதிர்ஷ்டம்.

அந்த நல்ல நேரத்தைப் பல வீடுகள் கைநாட்டில் தொலைக்கின்றன. வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம், கே.டபிள்யூ.எஸ்.பி. என்ற ஊழியர் சேமநிதியில் போட்ட பேர் எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். காய்ந்துபோன கிழவர் விரலில் ரேகையே பதியாது. மை தடவி அழுத்தி அழுத்தி எடுப்பார்கள். நினைவில்லாதவரிடம் எடுத்த ரேகைக்கு வழக்கு வந்தால் மதிப்பும் இல்லை. முதல் சந்திப்பிலேயே சேமநிதியில் யார் பேர் இருக்கிறது என்று கேட்டுவிடுவது இதற்காகத்தான். முஸ்லிம் அல்லாதவருக்குப் பேர் போட்டவரே உரிமையாளர், முஸ்லிமுக்குப் பேர் போட்டவர் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டும். தமிழ் முஸ்லிம் வீடுகளில் இந்த வித்தியாசம் தெரியாமல் வரும் மனக்கசப்பு கொஞ்சமல்ல.

அதே சந்திப்பில் இன்னும் மூன்று கேட்க வேண்டும். நெஞ்சில் இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருக்கிறதா? பத்து லஞ்சாங் மயானத்தில் தகனம் என்றால் அதை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும், சூட்டில் வெடிக்கும். வாய்ப் புற்றா, கழுத்துப் புற்றா? வெற்றிலை பாக்குப் புகையிலை போட்ட நம் பாட்டிமாருக்கு வாய்ப் புற்று அதிகம் வரும். புண் பெரிய இரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தால் கடைசியில் பீறிட்டு வரலாம். கட்டிலடியில் நாலு கரும்பச்சையோ அரக்கோ நிறத் துண்டு வைக்கச் சொல்வோம். வெள்ளைத் துண்டில் ஒரு கிண்ணம் இரத்தம் ஒரு வாளியாகத் தெரியும், அந்தக் காட்சி வீட்டுப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் விடாது. மூன்றாவது, ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறதா? ஓடும் அறையில் தலைமாட்டில் குத்துவிளக்கும் கற்பூரமும் கூடவே கூடாது, உதட்டுக்கு வாசலின் தடவுவதும் வேண்டாம். உண்மையில் ஆக்சிஜன் அளவு குறையாதவருக்கு அந்த மெஷினை விட முகத்துக்கு நேரே வைத்த சின்ன மேசை ஃபேன் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஃபேனை வைத்துவிட்டுப் போனால் "ஒண்ணுமே பண்ணலை" என்பார்கள், மெஷின் சத்தம் போட்டால்தான் வைத்தியம்.

பேசுங்கள், கேட்கும் என்று சொல்வது ஆறுதலுக்காக மட்டும் இல்லை. கனடாவின் வான்கூவரில் செய்து 2020இல் வெளியான ஆய்வில், எதற்கும் அசையாமல் கிடந்த ஹாஸ்பிஸ் நோயாளிகள் சிலரின் மூளை ஒலி மாற்றத்துக்கு ஈடுகொடுத்ததை மின்பதிவில் பார்த்தார்கள். புரிந்துகொண்டார்களா என்பது வேறு கேள்வி. ஆகவே கட்டில் பக்கத்தில் கூடாரத்துக்கு எவ்வளவு, பாதிரியாரா பண்டாரமா என்று பேரம் பேசுவதைக் கூடத்துக்கு மாற்றச் சொல்கிறோம். வெளியூர் மகன் வீடியோவில் வந்தால் போனை முகத்துக்கு நேரே பிடிப்பதில் பயனில்லை, காதருகே வையுங்கள். "போகாதீங்கப்பா" என்பதை விட "அம்மாவ நாங்க பாத்துக்கிறோம்" என்பது நல்லது. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, மகள் குளிக்கப் போன பத்து நிமிஷத்தில் போய்விடுவது அடிக்கடி நடக்கும். ஏன் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால் அவள் தன்னையே அடித்துக்கொள்வது கொஞ்சம் குறையும்.

பயம் அதிகம் வருவது விடியற்காலை மூன்று மணிக்கு. யாராவது ஆம்புலன்ஸுக்கு 999ஐ அழைத்துவிட்டால் வருகிறவர்கள் தங்கள் கடமைப்படி நெஞ்சை அழுத்தத் தொடங்கலாம். விலா எலும்பு முறியும், பழைய ஃபிளாட்டில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, படிக்கட்டில் தூக்கிச் செல்ல நேரும். எங்கள் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்வது அதற்காக. மூச்சு நின்றபின் அவசரம் எதுவும் இல்லை. மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், உட்காருங்கள். மைகார்ட் அடையாள அட்டையையும் டாக்டர் கடிதத்தையும் எடுத்து வைத்தால் போதும். உடம்பு விறைக்கத் தாடையில் தொடங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் பல்செட்டை மாட்டி, இமையை மூடி அரை நிமிஷம் பிடித்து, தாடைக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து, கால்களை நேராக்கிப் பெருவிரலைக் கட்டலாம். தலைக்கு ஒரு தலையணை இருக்கட்டும், இல்லாவிட்டால் முகம் கறுத்துப்போகும்.

மிச்ச மார்ஃபின், சிரிஞ்ச் பம்ப், காற்று மெத்தை எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், பலமுறை மறந்தும்போகிறது. போனில் 6, 10, 2, 6, 10க்கு வைத்த மருந்து அலாரத்தை இப்போதே எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்கு அடிக்கும், பாதித் தூக்கத்தில் யாராவது எழுந்து மருந்துக் குப்பியைத் தேடுவார்கள்.