டான் ஐமஸுக்கு வேலை போச்சு, மத்தவங்க என்ன ஆனாங்க?

ரேடியோலயோ டிவிலயோ ஒருத்தர் இனவெறியா பேசியோ பொண்ணுங்களை கேவலப்படுத்தியோ மாட்டிக்கிட்டா அடுத்து நடக்கறது எப்பவும் ஒரே வரிசைதான், முதல்ல சும்மா தமாஷுக்கு சொன்னேன்னு வரும், அப்புறம் மன்னிப்பு, அப்புறம் சஸ்பெண்ட், சத்தம் ரொம்ப பெருசா போச்சுன்னா வேலை காலி. அதோட எல்லாரும் கலைஞ்சு போயிடறோம். எனக்கு இது பத்தவே பத்தாது. அந்த மைக்கை அவர்கிட்ட குடுத்தவங்க, பக்கத்துல உக்காந்து கெக்கேபிக்கேன்னு சிரிச்சவங்க, அதே நிகழ்ச்சிக்கு கெஸ்ட்டா போய் தன்னோட புத்தகத்துக்கும் தேர்தலுக்கும் விளம்பரம் தேடிக்கிட்டவங்க, இவங்க யாருமே பதில் சொல்ல வேண்டாமா? அமெரிக்காவுல 2007ல நடந்த டான் ஐமஸ் விவகாரத்தை தேடி தேடி படிச்சதுல இருந்து இந்த கேள்வி என்னை விடவே இல்ல.

ஐமஸ் நியூயார்க்ல ரொம்ப காலமா காலை நேர ரேடியோ ஷோ பண்ணிட்டு இருந்தவர். சிபிஎஸ் ரேடியோ கம்பெனியோட நிகழ்ச்சி, எம்எஸ்என்பிசி சேனல் அதை அப்படியே டிவிலயும் போட்டுட்டு இருந்தாங்க. செனட்டருங்க, பெரிய பெரிய பத்திரிகையாளருங்க எல்லாம் வந்து பேசற இடம், அதனாலதான் அவருக்கு அவ்ளோ செல்வாக்கு.

2007 ஏப்ரல் 3ம் தேதி கிளீவ்லாண்ட்ல கல்லூரி பெண்கள் பாஸ்கெட்பால் இறுதிப்போட்டி, டென்னசியும் ரட்கர்ஸும். ரட்கர்ஸ் 59க்கு 46ன்னு தோத்துட்டாங்க, ஆனா அவங்க அங்க வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். சீசன் ஆரம்பத்துல வரிசையா தோல்வி, அதுலயும் ட்யூக் டீம்கிட்ட சொந்த மைதானத்துலயே 40 பாயிண்ட் வித்தியாசத்துல அடி வாங்கினாங்க, அப்புறம் மார்ச்ல அதே ட்யூக்கை 53க்கு 52ன்னு ஒரே ஒரு பாயிண்ட்ல தோக்கடிச்சு வெளிய அனுப்பிட்டு மேல போனாங்க. டீம்ல பாதி பேர் முதல் வருஷ பொண்ணுங்க. கோச் விவியன் ஸ்டிரிங்கர் 1982லயே செய்னி ஸ்டேட்ங்கற சின்ன கல்லூரியை, அதுவும் கறுப்பின மாணவர்களுக்காக ஆரம்பிச்ச கல்லூரியை, இறுதிப்போட்டி வரைக்கும் கொண்டு போனவர். இதையெல்லாம் நான் இவ்ளோ விவரமா எழுதறதுக்கு காரணம் இருக்கு, மறுநாள் காலைல ரேடியோல யாரு எத்தனை பாயிண்ட்ல ஜெயிச்சாங்கங்கறதைத் தவிர இதுல வேற ஒண்ணும் பேசப்படல.

பேசப்பட்டது அந்த பொண்ணுங்களோட தோற்றம். ஐமஸும் அவரோட தயாரிப்பாளர் பெர்னார்ட் மெக்குர்க்கும் மாத்தி மாத்தி பேசினாங்க, கறுப்பினப் பெண்களோட முடியை இளக்காரமா சொல்ற சொல்லையும் நடத்தை கெட்டவங்கன்னு திட்டற கொச்சை சொல்லையும் ஒண்ணா சேர்த்து அந்த டீமுக்கே பட்டமா வச்சாங்க. அந்த சொல்லை இங்க திரும்ப எழுத எனக்கு இஷ்டம் இல்ல. சிட் ரோசன்பெர்க்னு ஒருத்தர் அதே பேச்சுல சேர்ந்துக்கிட்டு இவங்களை பாத்தா டொரன்டோ ராப்டர்ஸ் மாதிரி இருக்குன்னார், அது ஆம்பளைங்க விளையாடற டீம். எல்லாரும் சிரிச்சாங்க.

இந்த ரோசன்பெர்க் யாருன்னு பாத்தாதான் உண்மையான பிரச்சினை தெரியும். 2001லயே இதே நிகழ்ச்சில கறுப்பின டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸை மிருகம்னு சொன்னவர் இவர்தான். அப்போ வேலையை விட்டு தூக்கினாங்க, கொஞ்ச நாள்லயே திரும்ப சேர்த்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி 2000ல கிளாரன்ஸ் பேஜ்ங்கற கறுப்பின பத்திரிகையாளர் கெஸ்ட்டா போய், இனி இந்த மாதிரி பேச மாட்டோம்னு ஐமஸை கையை தூக்கி சத்தியம் பண்ண வச்சார். சத்தியம் பண்ணினார், பேச்சு நிக்கல, பேஜை மறுபடி கூப்பிடவும் இல்ல. அப்போ 2007ல நடந்தது வாய் தவறினதுன்னு எப்படிங்க எடுத்துக்க முடியும்? கம்பெனிக்கு எல்லாமே தெரியும், வருஷக்கணக்கா தெரியும்.

க்வென் ஐஃபில்ங்கற கறுப்பின பத்திரிகையாளரோட கதை இன்னும் கஷ்டமா இருக்கும். அவர் நியூயார்க் டைம்ஸ்ல வெள்ளை மாளிகை செய்தியாளரா இருந்தப்போ, துப்புரவு வேலை செய்யற அம்மாவை எல்லாம் வெள்ளை மாளிகைக்கு அனுப்பறாங்களேன்னு ஐமஸ் கிண்டல் பண்ணியிருக்கார். ஐஃபில் அதை பெருசு பண்ணல, தன் வேலையை பாத்துட்டு போனார். ரட்கர்ஸ் பொண்ணுங்களை பேசினப்போதான் அதே நியூயார்க் டைம்ஸ்ல கட்டுரை எழுதினார், நான் வளந்தவ, என்னால தாங்கிக்க முடியும், இந்த பொண்ணுங்க அப்படி இல்லையேங்கற ஆதங்கம் அதுல இருந்துச்சு. அடுத்து அந்த ஞாயித்துக்கிழமை எம்எஸ்என்பிசியோட தாய் கம்பெனியான என்பிசில மீட் த பிரஸ் நிகழ்ச்சிக்கு போய், அப்போ அதை நடத்தின டிம் ரஸ்ஸர்டையும் பக்கத்துல இருந்த பத்திரிகையாளர் டேவிட் ப்ரூக்ஸையும் நேருக்கு நேரா பாத்து, உங்ககிட்ட இருந்து ஒரு வார்த்தையும் வரலையேன்னு கேட்டார். ரெண்டு பேரும் ஐமஸ் ஷோவுக்கு வழக்கமா போறவங்க. இந்த மொத்த விவகாரத்துல எனக்கு ரொம்ப முக்கியமா படற இடம் இதுதான், ஏன்னா பேசினவரை திட்டறதுக்கு ஆயிரம் பேர் இருந்தாங்க, கூட இருந்து கேட்டுட்டு இருந்தவங்களை பேர் சொல்லி கேட்டது அவர்.

தண்டனை எப்படி வந்துச்சுன்னு தேதி வாரியா பாருங்க. பேசினது 4ம் தேதி. மறுநாள் இதுக்கெல்லாம் போய் கவலைப்படறதாங்கற தொனில பேசினார், 6ம் தேதி மன்னிப்பு கேட்டார். 9ம் தேதி கறுப்பின உரிமைத் தலைவர் அல் ஷார்ப்டனோட ரேடியோ நிகழ்ச்சிக்கு போய் நான் நல்ல மனுஷன், தப்பா ஒண்ணு சொல்லிட்டேன்னார். கேன்சர் வந்த குழந்தைங்களுக்கு அவர் அப்போ பண்ணை நடத்திட்டு இருந்தது உண்மைதான், ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம். அன்னைக்கு குடுத்த தண்டனை ரெண்டு வாரம் சஸ்பெண்ட், அதுவும் உடனே இல்ல, 16ம் தேதில இருந்து. அவங்க மனசுல அந்த தப்போட எடை அவ்ளோதான். அப்புறம் ப்ராக்டர் அண்ட் கேம்பிள், ஸ்டேப்பிள்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்னு விளம்பரக்காரங்க வரிசையா விலக ஆரம்பிச்சாங்க. 11ம் தேதி எம்எஸ்என்பிசி கைவிட்டுச்சு, 12ம் தேதி சிபிஎஸ் வேலையை விட்டு எடுத்துச்சு. 9க்கும் 12க்கும் நடுவுல ஐமஸ் புதுசா எதுவும் கேவலமா பேசிடல. என்பிசிக்கு உள்ளயே வேலை பாத்த கறுப்பின ஊழியர்கள் கோபமா பேசினது உண்மை, அதை குறைச்சு சொல்ல மாட்டேன், ஆனா விளம்பரம் போகாம இருந்திருந்தா ரெண்டு வாரம் கழிச்சு அவர் அதே சீட்ல உக்காந்திருப்பார்னுதான் நான் நினைக்கறேன்.

அரசாங்கம் எதுவும் பண்ணலையான்னு கேக்கலாம். அமெரிக்காவுல ஒலிபரப்பை கண்காணிக்கற எஃப்சிசி ஆபாசத்துக்கு அபராதம் போடும், 2004 சூப்பர் பவுல்ல ஜேனட் ஜாக்சன் உடை விலகினதுக்கு சிபிஎஸ் மேல 5,50,000 டாலர் போட்டாங்க, பின்னாடி கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. இனவெறி பேச்சுக்கு அந்த மாதிரி அபராதம் கிடையாது, பேச்சு சுதந்திர சட்டம் குறுக்க நிக்கும். அது அப்படியே இருக்கட்டும், அரசாங்கம் பேச்சுக்கு அபராதம் போடணும்னு நான் கேக்கல. அப்போ பொறுப்பு முழுசா அந்த கம்பெனியோடதுதானே.

கம்பெனியோட லட்சணம் ஒப்பந்தத்துல தெரிஞ்சுது. ஐமஸ் தரப்பு கேஸ் போடப்போறோம்னு கிளம்பினப்போ வெளிய வந்த விஷயம் இது, மரியாதை பாக்காம சர்ச்சையா பேசறதுதான் இவரோட சிறப்புன்னு ஒப்பந்தத்துலயே ஒத்துக்கிட்டு இருக்காங்க. காசு குடுத்து வாங்கினதே அதைத்தான்! ஆகஸ்ட்ல ரெண்டு தரப்பும் சமரசமா முடிச்சுக்கிட்டாங்க. கறுப்பின இளம்பெண்களுக்கு இந்த மாதிரி பேச்சு என்ன பண்ணும்னு உருக்கமா அறிக்கை விட்டு அவரை நீக்கின சிபிஎஸ் தலைவர் லெஸ் மூன்வெஸ், 2018ல பல பெண்கள் பாலியல் புகார் சொன்னதுக்கு அப்புறம் பதவியை விட்டு போனார், அந்த புகாரை அவர் மறுத்தார்.

நம்ம ஊர்ல கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு கமெண்டேட்டர் டீன் ஜோன்ஸ் விஷயம் ஞாபகம் இருக்கும். 2006 ஆகஸ்ட், கொழும்பு டெஸ்ட், சங்கக்கார அடிச்ச பந்தை தென்னாப்பிரிக்காவோட ஹஷிம் ஆம்லா கேட்ச் பிடிச்சதும் தீவிரவாதி இன்னொரு விக்கெட் எடுத்துட்டான்னு சொன்னார், மைக் ஆஃப்ல இருக்குன்னு நினைச்சு. டென் ஸ்போர்ட்ஸ் உடனே அனுப்பிட்டாங்க. தாடி வச்ச முஸ்லிம்ங்கறதைத் தவிர அதுக்கு வேற காரணம் கிடையாது. ஜோன்ஸ் பின்னாடி கமெண்ட்ரிக்கு திரும்பி வந்தார், அதுல எனக்கு கோபம் இல்ல, ஆயுசு முழுக்க ஒருத்தரை ஒதுக்கி வைக்கணும்னு நான் சொல்லல. டென் ஸ்போர்ட்ஸ் விளம்பரக்காரங்க கிளம்பற வரைக்கும் உக்காந்திருக்கல, அதைத்தான் சொல்றேன்.

ரட்கர்ஸ் பொண்ணுங்க ஏப்ரல் 10ம் தேதி பத்திரிகையாளர் சந்திப்பு வச்சாங்க. ஸ்டிரிங்கர் தன்னோட பொண்ணுங்களை காட்டி, இதுல பள்ளிக்கூடத்துல முதல் மார்க் வாங்கினவங்க இருக்காங்க, டாக்டர் ஆகப்போறவங்க இருக்காங்க, இசைல கெட்டிக்காரங்க இருக்காங்கன்னு சொன்னார். அதை படிக்கும்போது எனக்கு ஆத்திரமா வந்துச்சு, தோத்துட்டு வந்து அழுது முடிக்கறதுக்குள்ள தான் கௌரவமான பொண்ணுன்னு உலகத்துக்கு நிரூபிக்க வேண்டிய நிலைமை அந்த பிள்ளைங்களுக்கு எதுக்கு? முதல் மார்க் வாங்காத பொண்ணா இருந்தா அப்படி பேசலாமா? வேலை போன அதே 12ம் தேதி ராத்திரி ஐமஸ் ஆளுநர் மாளிகையில டீமை நேர்ல பாத்து பேசினார், மன்னிப்பை ஏத்துக்கிட்டாங்க. அது அவங்களோட பெருந்தன்மை, அதை வச்சு கம்பெனி கணக்கு முடிஞ்சுதுன்னு யாரும் எழுதிக்க முடியாது.

அந்த வருஷம் டிசம்பர் 3ம் தேதியே ஐமஸ் டபிள்யூஏபிசி ரேடியோல திரும்ப வந்துட்டார், எட்டு மாசம்கூட ஆகல, மெக்குர்க்கும் கூடவே வந்தார். அன்னைக்கு கெஸ்ட்டா போனவங்கள்ல அப்போ ஜனாதிபதி தேர்தல்ல நின்னுட்டு இருந்த ஜான் மெக்கெய்னும் கிறிஸ் டாட்டும் உண்டு. 2008 ஜூன்ல போலீஸ் கேஸ்கள்ல மாட்டின ஒரு ஃபுட்பால் வீரரைப் பத்தி பேச்சு வந்தப்போ அவர் என்ன நிறம்னு கேட்டார் ஐமஸ். கறுப்பினத்தவர்னு பதில் வந்துச்சு. அப்போ சரி, இப்போ புரியுதுன்னார். கறுப்பினத்தவங்களை காரணமே இல்லாம கைது பண்றாங்கங்கறதைத்தான் சொன்னேன்னு மறுநாள் விளக்கம் குடுத்தார், ஷோ நிக்காம நடந்துச்சு, 2018 மார்ச்ல அவரா ரிட்டயர் ஆகற வரைக்கும்.