எதிர்வீட்டுக் கண்ணாடி

ஹாங்காங் வந்து ஐந்தாவது மாதம். குப்பையை வைக்கக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு நிலைக்கு மேலே புதிதாக ஓர் எட்டுக்கோணப் பலகை. சிவப்பும் பச்சையுமாகப் பட்டை, சுற்றிலும் மும்மூன்று கோடுகள், நடுவில் புடைத்த ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குள் சுண்டுவிரல் உயரத்தில் நைட்டியும் கொண்டையுமாக நான்.

ஃபெங்சுயியில், அதாவது சீனர்களின் வாஸ்துவில், அதற்குப் பாகுவா கண்ணாடி என்று பெயராம். எதிரே வரும் கெட்டதை வந்த வழியே திருப்பி அனுப்ப வாசலுக்கு வெளியே மாட்டுவது. அன்று மத்தியானமே தேடிப் படித்துவிட்டேன். அவர்கள் கதவுக்கு நேரே இருப்பது எங்கள் கதவு ஒன்றுதான். ஆக, கெட்டது நாங்கள்.

இவரிடம் சொன்னால் சிரிக்கிறார். "சென்ட்ரல் பக்கம் வந்து பாரு, பேங்க்குகளுக்குள்ளேயே இந்தச் சண்டை நடக்குது" என்றார். சென்ட்ரல் என்பது இங்கே பேங்க்குகளும் ஆபீஸ்களும் நிறைந்த பகுதி, நானும் பார்த்திருக்கிறேன். எச்எஸ்பிசி தலைமையகம் 1985ல் வந்தது. 1990ல் கூப்பிடு தூரத்தில் பேங்க் ஆஃப் சைனா கோபுரம் முக்கோணம் முக்கோணமாக எழுந்தது. அதன் விளிம்புகள் கத்தி மாதிரி அக்கம்பக்கத்தை வெட்டுகின்றன என்று ஊரே பேசியது. எச்எஸ்பிசி மொட்டைமாடியில் பராமரிப்புக்காக நிற்கும் கிரேன்கள் பீரங்கி மாதிரி அந்தப் பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். கத்திக்குப் பதில் பீரங்கி என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. பேங்க் அளவுக்கு வசதி இருந்தால் நானும் ஒரு கிரேன் வைத்திருப்பேன்.

இவர் சிரிப்பதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும். வந்த புதிதில் ஆபீஸ் கல்யாணம் ஒன்றுக்கு நம் வழக்கப்படி 1,001 டாலர் மொய் வைத்தவர் இவர். கடைசியில் ஒன்று சேர்த்துக் கொடுப்பது இங்கே சாவு வீட்டுக்கு.

நாங்கள் இருப்பது ஹங் ஹோமில், 15வது மாடி. லிஃப்டில் 4, 13, 14 மூன்றும் கிடையாது என்பதால் நிஜத்தில் 12. கான்டனீஸில் நாலு என்றால் சாவு என்பது மாதிரிக் காதில் விழும், 13 வெள்ளைக்காரன் விட்டுப்போனது. எட்டு என்றால் உயிரை விடுகிறார்கள். கூட்டுத்தொகை எட்டு வருகிறது, சனியனின் எண் என்று ஸ்கூட்டர் நம்பரையே மாற்றக் கேட்டவர் என் அப்பா.

வீடு 420 சதுர அடி. ஏழெட்டு வீடு பார்த்த பிறகு, ஏஜெண்ட் தயங்கித் தயங்கிக் காட்டிய இதை நான்தான் பிடிவாதமாக எடுத்தேன். வாசல் கதவு, ஹால், ஜன்னல் மூன்றும் ஒரே நேர்க்கோடு. கதவைத் திறந்து நின்றால் ஜன்னல் வழியே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ரிப்பன் அகலத்துக்குக் கடல். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றால் ரேழி, கூடம், முற்றம் எல்லாம் தாண்டிக் கொல்லைக் கிணற்றின் ராட்டினம் தெரியும். காற்று தெருவில் நுழைந்து கொல்லைக்குப் போகும், தபால்காரர் குரலும் அப்படியே போகும்.

அம்மா வீடியோவில் வீட்டைச் சுற்றிப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஈசான்ய மூலையில என்னடி அது, கக்கூஸா?" படுக்கையறையில் கட்டிலைப் போடவே ஒரு வழிதான் உண்டு. அப்படிப் போட்டால் தலை தெற்கே வரும். அம்மாவுக்குத் திருப்தி. ஆனால் கால் கதவைப் பார்த்து நீளும். சீனர்கள் கணக்கில் அது பிணத்தை எடுத்துப் போகும் கிடை. நான் கொஞ்ச நாள் கோணலாகப் படுத்துப் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சரி, கண்ணாடிக்கு வருகிறேன். ஒரு வாரம் அந்தக் கதவைப் பார்க்காமலே போய் வந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி, போபோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், லிஃப்டில் வந்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் லிஃப்டில் அவருடைய மகள் என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் கதவில் இருக்கும் அந்தப் பேய்க்கு எங்கள் மேல் ஏதாவது கோபமா?"

எங்கள் கதவில் இருந்தது திருஷ்டி முகம். முட்டைக் கண், முறுக்கு மீசை, தொங்கும் சிவப்பு நாக்கு. பெட்டியில் அரைக்கிலோ இடத்தை அடைத்துக்கொண்டு அம்மா கொடுத்துவிட்டது. ஊரில் பாதி வீட்டு வாசலில் தொங்கும் என்பதால் அதைப் பார்ப்பதையே நான் எப்போதோ விட்டிருந்தேன். போபோ வீட்டு வாசலருகே தரையோடு ஒரு சின்னச் சிவப்பு மாடம், நிலத்துச் சாமிக்கு. தினமும் அதன் முன்னால் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுத் திரும்பினால், எதிரே நாக்கு. பாவம், மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடி மாட்டியிருக்கிறார்.

அன்றைக்கே முகத்தைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கட்டினேன். கண்ணாடி மட்டும் இறங்கவில்லை. எங்களுக்காக இல்லை, பொதுவாக இருக்கட்டும் என்று மகள் சமாதானம் சொன்னார்.

சீனப் புத்தாண்டுக்குப் போபோவே வந்தார். கையில் இரண்டு ஆரஞ்சு, என் பெண்ணுக்கு ஒரு சிவப்பு உறை. உள்ளே வந்தவர் உட்காரவில்லை. வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நம் ஐயோ மாதிரி "ஐயா!" என்றார். கையை வாசலிலிருந்து ஜன்னல்வரை விசுக்கென்று வீசிக் காட்டினார். மகள் விளக்கினார்: வாசலில் வரும் நல்லது ஒரு நிமிஷம்கூட வீட்டில் தங்காமல் ஜன்னல் வழியே ஓடிவிடும், காசும் அப்படித்தான், நடுவில் ஏதாவது மறைப்பு வையுங்கள். காசு ஓடுவது வாஸ்தவம், வாடகை நாளில் நானே பார்க்கிறேன். ஏஜெண்ட் தயங்கிய காரணமும் அப்போதுதான் புரிந்தது.

பெரியவர் சொல்கிறார் என்று புத்தக அலமாரியை ஹாலுக்கு நடுவே இழுத்து வைத்தேன். இரண்டே நாளில் வீடு மூக்கடைத்த மாதிரி ஆகிவிட்டது. ரசம் தாளித்த வாசனை மறுநாள் காலைவரை அலமாரிக்கு இந்தப் பக்கமே நின்றது. கதவைத் திறந்தால் கடல் இல்லை, இவருடைய பழைய டாக்ஸ் ஃபைல்கள்.

அம்மாவிடம் புலம்பினேன். "வாசலை மறைச்சா லட்சுமி எப்படிடி உள்ள வருவா? முதல்ல அதை எடு" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். "விளக்கு வைக்கிற நேரத்துல மட்டும் ஜன்னலைச் சாத்திடு. கொல்லைக் கதவைச் சாத்திட்டுதானே நாம வாசல்ல விளக்கு வைப்போம், இல்லேன்னா வந்தவ அப்படியே போயிடுவாளே."

போபோவும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை.

கொல்லைக் கதவைச் சாத்துவது வீட்டில் என் வேலை. கிணற்றடி இருட்டியிருக்கும், குறுக்குக்கட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்கு ஓடி வருவேன். வீட்டை விற்றுப் பத்து வருஷமாகிறது. வாங்கியவர்கள் முற்றத்தை மூடித் தளம் போட்டுவிட்டார்களாம்.

அலமாரி சுவரோரம் போய்விட்டது. ஆறு மணிக்கு, "இருட்டிடுச்சு, போய் ஜன்னலைச் சாத்து" என்கிறேன். எதற்கு என்று என் பெண் தினமும் கேட்கிறாள், தினமும் சாத்துகிறாள். விளக்கை ஏற்றி வாசல் கதவைத் திறக்கிறேன். எதிரே போபோவின் ஊதுபத்தி புகைகிறது. அதற்கு மேலே, அந்தப் புடைத்த கண்ணாடிக்குள், ஒரே நேர்க்கோட்டில் நான், குன்றிமணி அளவுக்கு விளக்கு, கடைசியில் ஜன்னல் கொக்கியோடு எக்கி எக்கிப் போராடும் என் பெண்.