டிரைவர் சீட்டில் ஆளில்லை

சான் பிரான்சிஸ்கோ வந்த புதிதில், நான் கூப்பிட்ட வெள்ளை ஜாகுவார் வாசலில் வந்து நின்றது. டிரைவர் சீட் காலி. ஸ்டியரிங் தானாகச் சுற்ற, மகள் கைதட்டினாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாமக்கல்லில் அப்பா லாரி ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

வேமோ நிறுவனத்தின் இந்த ஆளில்லா வாடகைக் காரை 2024 ஜூனிலிருந்து இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். நிதானமாகத்தான் போகிறது. இரவு வேலை முடிந்து தனியாக வரும் என் மனைவிக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இந்த நம்பிக்கை சட்டென்று உடையக்கூடியது. 2023 அக்டோபரில், வேறொரு கார் மோதியதில் வந்து விழுந்த பெண்ணை குரூஸ் என்ற போட்டி நிறுவனத்தின் ஆளில்லாக் கார் 20 அடி இழுத்துப் போனது. அதே மாதம் அதன் அனுமதியை நிறுத்தி வைத்தார்கள்.

அதைவிட என்னை உறுத்துவது லாரி விஷயம். 10,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட தானியங்கி லாரிகளில் ஆள் இருந்தாக வேண்டும் என்று கலிபோர்னியா சட்டமன்றம் 2023இல் மசோதா நிறைவேற்றியது. டிரைவர்களின் சங்கம் அதற்காகப் போராடியது. ஆளுநர் நியூசம் கையெழுத்திடாமல் அதை நிராகரித்துவிட்டார். டெக்சாஸில் 2025இல் டாலஸ்–ஹூஸ்டன் சாலையில் அரோரா என்ற நிறுவனம் ஆளில்லாமலே லோடு ஏற்றி அனுப்பியது. சில வாரங்களில், லாரி தயாரித்த நிறுவனமே கேட்டுக்கொண்டதால், சீட்டில் ஒருவரை உட்கார வைத்தார்கள். செய்தவர்களுக்கே தயக்கம் இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

இங்கே பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் ஹைவேயில் பெரிய லாரி பக்கத்தில் வந்தால் மனசு ஊருக்குப் போய்விடும். லோடு இறக்கிவிட்டு வரும் அப்பா, ஜாக்கி ராடால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்பார். அப்புறம்தான் வீட்டுக்குள் வருவார். அவர் பேட்டாவில் எங்கள் அடுப்பு எரிந்தது. கிளீனர் அண்ணன் வீட்டு அடுப்பும் அவர் ஓட்டிய வண்டியால்தான் எரிந்தது. டிரைவரை எடுத்துவிட்டு மிச்சம் பிடிக்கிற கம்பெனி, அவருக்கு மாற்றுத் தொழில் கற்றுக்கொடுக்கிற செலவையும் முன்கூட்டியே ஏற்க வேண்டும். வேலை போன பிறகு பேசி என்ன பயன்?

போன வாரம் அண்ணன் மகன் போனில் கேட்டான்: "சித்தப்பா, ஹெவி லைசென்ஸ் எடுக்கட்டுமா?" எடு என்றேன். நம் ரோட்டுக்கு இது வர நாளாகும். கூடவே, லாரிகளில் வரும் எலக்ட்ரிகல் வேலையையும் கற்றுக்கொள், கட்டணத்தை நான் அனுப்புகிறேன் என்றேன்.