பாராமகால் கதைய எழுதின சிகாகோக்காரர்
பாராமகால்னு அந்தக் காலத்துல சொன்ன நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கத்து ஆளுங்க பர்ட்டன் ஸ்டைன்ங்கற பேரை கண்டிப்பா தெரிஞ்சு வச்சிக்கணும். 1926ல சிகாகோல பொறந்தவரு, திருப்பதி கோயிலோட பொருளாதாரத்த வச்சு பிஎச்டி பண்ணிட்டு மினசோட்டா, ஹவாய்னு ஹிஸ்டரி புரொபசரா இருந்து அப்புறம் லண்டன் போயிட்டாரு, 1996ல இறந்தாரு. சோழர் காலத்துல தஞ்சாவூரே எல்லாத்தயும் இறுக்கிப் பிடிக்கல, அந்தந்த நாட்டுப் பகுதியோட தலைவருங்களான நாட்டார் கையில தான் நிர்வாகம் இருந்துச்சுன்னு 1980ல எழுதினாரு, நம்ம ஆய்வாளர்கள் பலபேர் கடுமையா மறுத்தாங்க, எனக்கும் அதுல முழு சம்மதம் இல்ல.

ஆனா பின்னாடி மெட்ராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ பத்தி 1989ல எழுதினாரு பாருங்க, அது எனக்கு பொக்கிஷம். 1792ல திப்பு கிட்ட இருந்து பாராமகால் கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போனப்போ, இங்க நிர்வாகம் பார்த்த அலெக்சாண்டர் ரீடுக்கு அசிஸ்டென்ட்டா மன்றோ வேலை பார்த்தது நம்ம மண்ணுல தான், விவசாயி கிட்டயே நேரடியா நிலவரி வாங்கற ரயத்துவாரி முறை உருவானதும் இங்க தான், இத ஸ்கூல்லயே நம்ம பசங்களுக்கு சொல்லித்தரணும்ங்க.